இதனால என்ன யூஸ் டாக்டர்?

1/ மக்களே, வழக்கமா இங்க டெங்கு, சுகர், பிபி பத்தித்தான் எழுதுவேன். இன்னைக்கு கொஞ்சம் வேற விஷயம். நாலு மாசமா நான் சாஃப்ட் பேஸ்டல் வெச்சு படம் வரைஞ்சுட்டு இருக்கேன். மகா மோசமா வரையறேன். அதைப் பத்தி ஒரு நீளமான த்ரெட். போகப் போக ஒரு மருத்துவ விஷயமும் வரும். அதுல தப்பு என் பக்கம்தான். பொறுமையா படிங்க.

2/ ஆரம்பிச்சதே ஒரு குளறுபடியிலதான். அக்கா பொண்ணு ஏழாவது படிக்கிறா. பிறந்தநாளுக்கு என்ன வேணும்னு கேட்டேன், "பேஸ்டல் வாங்கிக் கொடு மாமா"ன்னா. நானும் ஆன்லைன்ல தேடி, 48 கலர் இருந்த ஒரு பெட்டியை ஆர்டர் பண்ணிட்டேன். அவ கேட்டது ஸ்கூல்ல எல்லாரும் வெச்சிருக்கற ஆயில் பேஸ்டல். வந்தது சாஃப்ட் பேஸ்டல். ஒரு கோடு இழுத்துப் பாத்தா. "இது சாக்பீஸ் மாமா. நீயே வெச்சுக்கோ"ன்னு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டா.

3/ எனக்கும் அன்னைக்குத்தான் வித்தியாசமே தெரியும். ஆயில் பேஸ்டல்ல நிறமியை எண்ணெயிலயும் மெழுகுலயும் குழைச்சிருப்பாங்க. அதனாலதான் வழவழன்னு தாள்ல ஒட்டும், கையில பிசுபிசுக்கும். சாஃப்ட் பேஸ்டல்ல எண்ணெயும் கிடையாது, மெழுகும் கிடையாது. நிறமிப் பொடி, கொஞ்சம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, குச்சி உடையாம நிக்கற அளவுக்கு மட்டும் கோந்து. அவ்வளவுதான். தொட்டாலே உதிரும்.

4/ அக்கா பொண்ணு சாக்பீஸ்னு சொன்னதை வெச்சு இது குழந்தைங்க சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. எட்வர்ட் மூங்க் வரைஞ்ச 'தி ஸ்க்ரீம்' தெரியும் இல்லையா, கன்னத்துல ரெண்டு கையையும் வெச்சு அலர்ற அந்த உருவம்? அந்தப் படத்தை அவர் ஒரு தடவைக்கு மேல வரைஞ்சிருக்கார். அதுல 1895ல வரைஞ்சது பேஸ்டல். 2012ல நியூயார்க்ல நடந்த ஏலத்துல கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்குப் போச்சு. அக்கா பொண்ணுகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப நீயும் வரைஞ்சு வித்துடு மாமா"ன்னுட்டா.

5/ என் ஓவிய வரலாறையும் சொல்லிடறேன். எம்.பி.பி.எஸ் முதல் வருஷத்துல ஹிஸ்டாலஜி ரெக்கார்டுன்னு ஒண்ணு உண்டு. மைக்ரோஸ்கோப்ல திசுவைப் பாத்து படம் வரையணும். அதுக்கு ரெண்டே ரெண்டு கலர் பென்சில்தான். ஊதா ஒண்ணு, பிங்க் ஒண்ணு. செல்லோட உட்கருவுக்கு ஊதா, மத்த இடமெல்லாம் பிங்க். ஸ்லைடுல சாயம் ஏத்தினா அந்த நிறம்தான் வரும்.

6/ கல்லீரல், கிட்னி, நுரையீரல் எல்லாத்தையும் அந்த ரெண்டு பென்சில்லயே முடிச்சோம். சீனியரோட ரெக்கார்டைப் பாத்து வரைஞ்சு, கையெழுத்து வாங்கி, மூடி வெச்சாச்சு. அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல நான் வரைஞ்ச ஒரே படம் கேஸ் ஷீட்ல வயிறு. ரெண்டு பக்கமும் வளைஞ்ச கோடு, நடுவுல தொப்புளுக்கு ஒரு புள்ளி, வலிக்கிற இடத்துல ஒரு பெருக்கல் குறி. டாக்டருங்க எல்லாருக்கும் அந்தப் படம் தெரியும்.

7/ அதனால பெட்டியைத் திறந்தப்போ, ரெண்டு கலர்ல பழகின ஆளுக்கு முன்னாடி 48 கலர். எதைத் தொடறதுன்னே தெரியல. நைட் டூட்டி முடிஞ்சு தூங்கி எழுந்த ஒரு சாயங்காலம். சமையல்கட்டுல பாதித் தேங்காய் மூடி இருந்தது. வெளிய பிரவுன், உள்ள வெள்ளை. ஈஸியா இருக்கும்னு அதை எடுத்து மேஜையில வெச்சேன். முதல் தப்பு அது.

8/ ரெண்டாவது தப்பு, பிரிண்டர்ல போடற ஏ4 தாள்ல ஆரம்பிச்சது. பேஸ்டல் அதுல பிடிக்கவே இல்லை. குச்சி வழுக்குது, பொடி தனியா நிக்குது, தட்டினா மொத்தமும் கீழ. பேஸ்டலுக்கு சொரசொரப்பான தாள் வேணும். அந்த மேடு பள்ளத்துக்கு ஓவியர்கள் 'பல்'னே பேர் வெச்சிருக்காங்க. தாளுக்குப் பல் இருந்தாத்தான் பொடியைக் கடிச்சுப் பிடிக்கும். இதுக்குன்னே விக்கிற தாள்கள்ல சிலது நைஸான உப்புத்தாள் மாதிரியே இருக்கும்.

9/ வீட்டுல அதெல்லாம் ஏது. நோட்டுக்கு அட்டை போடற பிரவுன் ஷீட் இருந்தது. அதுல ஒரு பக்கம் பளபளப்பு, இன்னொரு பக்கம் கொஞ்சம் மங்கல். மங்கல் பக்கத்துல வரைஞ்சேன். பிடிச்சது! தாளே பிரவுன்ங்கறதால தேங்காயோட வெளிப்பக்கம் பாதி தானாவே வந்துடுச்சு. அந்த நிமிஷம் வந்த சந்தோஷத்துல அடுத்த தப்பைப் பண்ணினேன்.

10/ வெள்ளையை முதல்ல பூசிட்டு அதுக்குப் பக்கத்துல பிரவுன் போட்டு, விரலால தேய்ச்சேன். ரெண்டும் கலந்து சேறு. மேல திரும்ப வெள்ளை போட்டா பிடிக்கல, ஏன்னா தாளோட பல் முழுக்க ஏற்கெனவே பொடி அடைஞ்சாச்சு. வாட்டர் கலர்ல வெளிர்ல ஆரம்பிச்சு அடர்த்திக்குப் போவாங்க. பேஸ்டல்ல பொதுவா தலைகீழ். அடர்த்தியை முதல்ல போட்டு, வெளிச்சத்தைக் கடைசியா வைக்கணும். இதை யூட்யூப்ல தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நாலு தேங்காய் மூடி சேறாப் போச்சு.

11/ இன்னொண்ணும் கவனிச்சேன். அந்தத் தேங்காயோட உள்பக்கம் வெள்ளையே இல்லை. ட்யூப்லைட் பக்கம் லேசா நீலம். ஓடு ஒட்டற விளிம்புல மஞ்சள். குழியோட அடியில சாம்பல், அதுக்குள்ள எங்கயோ ஒரு பச்சை. முப்பது வருஷத்துக்கு மேல தேங்காய் சட்னி சாப்பிட்டவன், தேங்காயை அன்னைக்குத்தான் பாத்தேன். படம் என்னமோ உருளைக்கிழங்கு மாதிரிதான் வந்தது. ஆனா மணி பாத்தா ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கு. ஃபோனை எடுக்கவே இல்லை.

12/ இப்ப ஒரு பாதுகாப்பு விஷயம். டாக்டரா இருந்துட்டு இதைச் சொல்லாம விட முடியாது. அன்னைக்கு மேல ஃபேன் அஞ்சாம் நம்பர்ல ஓடிட்டு இருந்தது. தாள்ல சேர்ந்த பொடியை வாயால ஃபூன்னு வேற ஊதினேன். மெத்தை, சட்டை, மூக்கு எல்லாம் மஞ்சள். ரெண்டு நாள் இருமல். தூசில மாஸ்க் போடுங்கன்னு தினமும் ஊருக்கு உபதேசம் பண்றவன் நான்.

13/ நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா இதைக் குறிச்சுக்கோங்க:
• பொடியை வாயால ஊதாதீங்க. அட்டையைச் சாய்ச்சு, கீழ விரிச்ச பேப்பர்ல மெதுவா தட்டிக் கொட்டுங்க.
• ஃபேனை நிறுத்துங்க. இல்லைன்னா காத்து நேரா படாத இடத்துல உக்காருங்க.
• முடிஞ்சதும் துடைப்பத்தால பெருக்காதீங்க. ஈரத் துணியால துடைங்க.
• ஆஸ்துமா இருந்தா முதல்லயே யோசிங்க. வரையறதா இருந்தா என்95 மாஸ்க் கட்டாயம்.

14/ இன்னும் கொஞ்சம்:
• நல்லாப் பிரகாசமா இருக்கற மஞ்சள், சிவப்பு, நீல நிறமிகள் சிலதுல காட்மியம், கோபால்ட் மாதிரி உலோகங்கள் இருக்கலாம். பெட்டில நச்சுத்தன்மை இல்லைன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. குழந்தைங்க இருக்கற வீடுன்னா கண்டிப்பா.
• வரையறப்ப முறுக்கு, பிஸ்கட் வேண்டாம். அதே கையால கண்ணையும் கசக்காதீங்க.
• கையில வெட்டுக்காயம் இருந்தா கிளவுஸ் போடுங்க.
• முடிச்சதும் சோப்புப் போட்டு கை கழுவுங்க. கோவிட் காலத்துல சொல்லிக் கொடுத்தோமே, அதே மாதிரி, நகத்தோட.

15/ அந்தக் கடைசி வார்த்தையை நானே சரியா செய்யல. அதுலதான் இந்த த்ரெட்டோட முக்கியமான பகுதி ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இன்னொரு கதை.

16/ நான் வரையறேன்னு தெரிஞ்சதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "இதனால என்ன யூஸ்?" கூட வேலை பாக்கற ஒருத்தர், "ஸ்ட்ரெஸ் பஸ்டரா பாஸ்? பிபி குறையுதா?"ன்னார். சொந்தக்காரர் ஒருத்தர், "இந்த நேரத்துல பி.ஜி எக்ஸாமுக்குப் படிக்கலாமே தம்பி"ன்னார். இன்னொருத்தர், "ரீல்ஸ் போடு, நல்லா போகும்"னார். படத்தைப் பாத்துட்டு, அப்புறம் அவரே, "கொஞ்ச நாள் கழிச்சுப் போடு"ன்னார்.

17/ நானும் முதல்ல "ஆமாங்க, ஸ்ட்ரெஸ்ஸுக்கு நல்லது"ன்னே சொல்லி சமாளிச்சேன். டாக்டர் சொன்னா ஒத்துக்குவாங்க இல்லையா. சொல்லிட்டு, சொன்னது சரிதானான்னு தேடியும் பாத்தேன். 2016ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு. 39 பேரை 45 நிமிஷம் அவங்க இஷ்டத்துக்கு ஏதாவது வரையவோ, களிமண்ல செய்யவோ, ஒட்டவோ விட்டாங்க. முன்னாடியும் பின்னாடியும் எச்சில்ல கார்ட்டிசால் அளவு பாத்தாங்க. சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் குறைஞ்சிருந்தது.

18/ வாட்ஸப்ல இது "45 நிமிஷம் படம் போட்டா ஸ்ட்ரெஸ் போயிடும், ஆய்வுல நிரூபணம்"னு சுத்தும். நிரூபணம்லாம் கிடையாது. 39 பேர்ங்கறது சின்ன எண்ணிக்கை. படம் போடாம சும்மா உக்காந்திருந்த ஒரு குழுவை வெச்சு ஒப்பிடவும் இல்லை. கார்ட்டிசால் காலையில ஏறி, பொழுது போகப் போக தானாவே இறங்கற ஹார்மோன். 45 நிமிஷம் கம்முன்னு உக்காந்தாலே பலருக்கு இறங்கலாம்.

19/ அந்த ஆய்வுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. ஏற்கெனவே வரையத் தெரிஞ்சவங்களுக்கும் தெரியாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஆனா சத்தியமா சொல்றேன், எனக்கு எந்த ஆய்வும் தேவைப்படல. என் பிபி முன்னாடியும் நார்மல், இப்பவும் நார்மல். எனக்குப் பிடிச்சிருக்கு, அதனால வரையறேன். இதைச் சொல்ல ஒரு வளர்ந்த மனுஷனுக்கு ஏன் இவ்வளவு கூச்சமா இருக்குன்னுதான் யோசிச்சேன்.

20/ நாம வளர்ந்த விதம் அப்படி. பாட்டு கத்துக்கிட்டா போட்டில பரிசு வாங்கணும். ஓடினா வெயிட் குறையணும். பத்தாவது வந்துட்டா ட்ராயிங் நோட்டை அட்டத்துல போட்டுடணும். மார்க் வராத விஷயத்தை வெட்டி வேலைன்னு சொல்லியே வளத்தாங்க. பெரியவங்க ஆனதும் மார்க் இருந்த இடத்துக்கு 'ஹெல்த்' வந்து உக்காந்துடுச்சு. இப்ப எதைச் செஞ்சாலும் சுகருக்கு நல்லதா, மூளைக்கு நல்லதான்னு கேக்கறோம். அந்தக் கேள்வியைப் பழக்கிவிட்டதுல எங்களை மாதிரி டாக்டருங்களுக்கும் பங்கு உண்டு.

21/ இப்ப அந்த நகக்கண் கதைக்கு வரேன். (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஒரு திங்கக்கிழமை ஓ.பி. வழக்கம்போல கூட்டம். சுகர் மாத்திரை வாங்க மாசாமாசம் வர்ற ஒரு அம்மா. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். பிபி பாக்கக் கையை நீட்டினவங்க என் விரலையே பாத்துட்டு இருந்தாங்க. முந்தின நாள் வரைஞ்ச நீலம் நகத்துக்கு அடியில அப்படியே இருந்தது.

22/ "என்ன தம்பி, கோலம் போட்டீங்களா?"
சிரிச்சேன். "இல்லம்மா, படம் போட்டேன். ஒரு மாதிரி கலர் சாக்பீஸ்."
"கலர்ப்பொடி மாதிரியே நகத்துல ஏறியிருக்கு. மார்கழி பூரா எனக்கு இப்படித்தான் இருக்கும். சோத்தைப் பிசைஞ்சாக்கூட போகாது."
"இப்பவும் போடுவீங்களாம்மா?"
"எங்க தம்பி. நீங்கதானே குனியக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்தீங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

23/ நோட்டைப் புரட்டினேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு பக்கம். இடுப்பு வலி, முட்டி வலி. மாத்திரை. அதுக்குக் கீழ: குனிய வேண்டாம், கீழே உட்கார வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம். என் கையெழுத்துதான். எழுத அஞ்சு செகண்ட் ஆகியிருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அதே மூணு வரியை எழுதியிருப்பேன்னு எனக்கே தெரியாது.

24/ அவங்க கோவமா சொல்லல. அதுதான் கஷ்டமா இருந்தது. "மருமக ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டிட்டா. பாக்க லட்சணமாத்தான் இருக்கு. அழியறதில்ல"ன்னாங்க. அப்புறம், "அதான் தம்பி, காலைல எந்திரிச்சா வேலை இல்லாத மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிட்டுப் போயிட்டாங்க. பின்னாடி வரிசையில இருந்தவங்க உள்ள வந்துட்டாங்க.

25/ இதுல மருத்துவமா பேச வேண்டியது ரெண்டு. முதல் விஷயம், அந்த அறிவுரையே அரைகுறை. நாள்பட்ட சாதாரண இடுப்பு வலிக்கு, முடிஞ்ச வரைக்கும் அசைஞ்சுட்டே இருங்க, வழக்கமான வேலைகளை விடாதீங்கன்னுதான் இன்னைக்குப் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்லுது. முட்டித் தேய்மானத்துக்கும் உடற்பயிற்சிதான் சிகிச்சையோட அடிப்படை. "எதையும் செய்யாதீங்க"ன்னு மொத்தமா எழுதறது பழைய பழக்கம். எனக்கு இது தெரியும். தெரிஞ்சும், கூட்டத்துல கை தானா எழுதிடுச்சு.

26/ உடனே எல்லாரும் டாக்டர் சொன்னதைத் தூக்கிப் போட்டுட்டு குனிஞ்சு நிமிராதீங்க. முதுகெலும்பு முறிவு, கடுமையான எலும்பு மெலிவு, கால் மரத்துப் போறது, காலுக்குச் சக்தி குறையறது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போறது, காய்ச்சலோட முதுகு வலி, இதெல்லாம் வேற. கண்டிப்பா டாக்டரைப் பாக்கணும். அறுவை சிகிச்சை ஆனவங்க, 'இது வேண்டாம்'னு காரணத்தோட சொல்லப்பட்டவங்க, அதையே கடைப்பிடிங்க. காரணம் சொல்லலைன்னா, அடுத்த தடவை போறப்ப கேளுங்க. கேக்கறது உங்க உரிமை.

27/ ரெண்டாவது விஷயம்தான் எனக்குப் பெருசு. நான் அந்த மூணு வரியை எழுதறப்போ, அவங்க வாழ்க்கைல எதை எடுக்கறேன்னு கேக்கவே இல்லை. என் கணக்குல குனியறதுன்னா குடம் தூக்கறது, வீடு பெருக்கறது. அதை நிறுத்தினா நல்லதுதானேன்னு நினைச்சேன். கோலம் என் ஞாபகத்துக்கே வரல. வந்திருந்தாலும், "கோலம்தானே, போனா என்ன"ன்னு நினைச்சிருப்பேனோ என்னவோ. அதுல எனக்கு மருத்துவப் பயன் எதுவும் தெரிஞ்சிருக்காது.

28/ மனச்சோர்வு இருக்கான்னு சீக்கிரமா தெரிஞ்சுக்க எங்களுக்கு ரெண்டே கேள்வி உள்ள ஒரு பட்டியல் உண்டு. பி.ஹெச்.க்யூ 2ன்னு பேர். ஒரு கேள்வி, மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாம இருந்ததா? இன்னொண்ணு, கடந்த ரெண்டு வாரத்துல எதையும் செய்யறதுல ஆர்வமோ சந்தோஷமோ குறைஞ்சிருந்ததா? கவனிங்க, இருக்கறதே ரெண்டு கேள்விதான். அதுல ஒண்ணு சந்தோஷத்தைப் பத்தி.

29/ அப்ப சந்தோஷம் போனா அது நோய் அறிகுறின்னு எங்க புத்தகமே சொல்லுது. ஆனா அது இருக்கறப்போ நாங்க கேக்கறதே இல்லை. சாப்பாடு கேப்போம், தூக்கம் கேப்போம், மலச்சிக்கல் கேப்போம், பீடி சிகரெட் கேப்போம். "உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?"னு கேஸ் ஷீட்ல எந்தக் கட்டமும் கிடையாது. பிறகு ஒருநாள் ஆர்வம் குறைஞ்சிருக்கான்னு கேட்டா, எதுல குறைஞ்சிருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

30/ (இதைப் படிக்கறவங்கள்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயுமே பிடிப்பு இல்லாம இருந்தா, "ஹாபி வெச்சுக்கோ"ன்னு சொல்றவங்களை நம்பி உக்காராதீங்க. அது சிகிச்சை தேவைப்படற நிலையா இருக்கலாம். பக்கத்துல இருக்கற அரசு மருத்துவமனைல மனநல ஓ.பி.க்கு வாங்க. இல்லைன்னா டெலி மானஸ் 14416க்கு ஃபோன் பண்ணுங்க. இலவசம்.)

31/ அந்த வாரம் நான் பேஸ்டல் பத்திப் படிச்சுட்டு இருந்தப்போ ஒரு ஆள் கண்ணுல பட்டார். ஷார்தான்னு 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர். 1699ல பிறந்தவர். ஆயுசு பூரா எண்ணெய் வண்ணத்துல செம்புப் பாத்திரம், ரொட்டி, மீன், சமையல்கட்டுன்னு வரைஞ்சு பேர் வாங்கினவர். வயசான காலத்துல கண் பிரச்சினை. எண்ணெய் வண்ணத்துல வேலை பண்ண முடியல.

32/ அவர் என்ன பண்ணினார்னா, எழுபது வயசுக்கு மேல பேஸ்டலுக்கு மாறிட்டார். 1771ல மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு தன்னைத்தானே வரைஞ்ச படம், 1775ல கண் கூசாம இருக்க நெத்தியில மறைப்பு கட்டிக்கிட்டு வரைஞ்ச படம். ரெண்டும் பாரிஸ்ல லூவ்ர் மியூசியம் வசம் இருக்கு. நெட்ல தேடிப் பாருங்க. கண் சரியில்லாத கிழவர், தன் கண்ணாடியையும் மறைப்பையும் ஒளிக்காம வரைஞ்சு வெச்சிருக்கார்.

33/ அவர் என்கிட்ட ஓ.பி.க்கு வந்திருந்தா நான் என்ன எழுதியிருப்பேன்? 'கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவும். படம் வரைய வேண்டாம்.' சந்தேகமே இல்லை. நல்லவேளை, நான் பிறக்கல. உடம்பு ஒரு கதவை மூடினப்போ, அவர் வரையறதை விடல, வரையற பொருளை மாத்திக்கிட்டார். எங்க வேலை அதுக்கு வழி சொல்றதுன்னு எனக்கு அப்பதான் உறைச்சது.

34/ அடுத்த மாசம் அந்த அம்மா வந்தப்போ நானே கேட்டேன். எவ்வளவு நேரம் நின்னா வலிக்குது, எப்படிக் குனிவீங்க, எழுந்துக்கப் பிடிமானம் இருக்கா. நடந்து காட்டச் சொன்னேன். கால்ல பலக்குறைவு இல்லை. பிசியோதெரபிக்கு அனுப்பி, தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். "சின்னதா போடுங்கம்மா. நடுவுல நிமிர்ந்துக்கோங்க. பக்கத்துல ஒரு நாற்காலி வெச்சுக்கோங்க. காலைல எழுந்த உடனே வேண்டாம், கொஞ்சம் நடந்துட்டு அப்புறம்"னேன். மேஜை மேல தட்டு வெச்சு அதுல போடலாமேன்னும் ஒரு யோசனை சொன்னேன். "தட்டுல போட்டா அது கோலமா தம்பி?"ன்னு சிரிச்சுட்டாங்க.

35/ அதுக்கடுத்த மாசம் வந்தாங்க. ஸ்டிக்கரை பேத்து எடுத்துட்டாங்களாம். "அஞ்சு புள்ளிதான். மருமக திட்டறா, பேரன் கலர் கொடுக்கறான்."
"வலி எப்படிம்மா இருக்கு?"
"அது இருக்கு தம்பி. அப்படியேதான் இருக்கு."
மாத்திரையும் குறையல. சுகரும் குறையல. நோட்டுல எழுத முன்னேற்றம்னு ஒண்ணுமே இல்லை. கையை நீட்டினாங்க, நகத்துல சிவப்பு இருந்தது.

36/ இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, "கோலம் போட்டா இடுப்பு வலி போயிடும், அரசு டாக்டர் சொல்றார்"னு யாராவது ஃபார்வர்டு பண்ணிடுவீங்களோன்னு பயம். போகல. அவங்களுக்கு அது மருந்தா வேலை செய்யல. ஆனாலும் ரெண்டு வருஷம் அதைப் பறிச்சு வெச்சது ஒரு நஷ்டம்தான். லேப் ரிப்போர்ட்ல வராத நஷ்டமும் நஷ்டம்தான்னு நான் ஒத்துக்கறேன்.

37/ "டாக்டர், உங்களுக்கு நேரம் இருக்கு, எங்களுக்கு ஏது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ரெண்டு வேலை பாத்து, வந்து சமைச்சு, பாத்திரம் கழுவி, குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுக்கற பெண்ணுக்கு நான் பொழுதுபோக்கு உபதேசம் பண்ண மாட்டேன். அவங்களுக்கு முதல்ல தேவை வீட்டுல இன்னொருத்தர் பாத்திரம் கழுவறது. ஆம்பளைங்களே, இந்த இடத்தை ரெண்டு தடவை படிங்க.

38/ அதே மாதிரி தொடர்ந்து 24 மணி நேரம், அதுக்கும் மேல டூட்டி பாக்கற ஜூனியர் டாக்டருக்கும் நர்ஸுக்கும், "ஹாபி வெச்சுக்கோங்க, ஸ்ட்ரெஸ் போயிடும்"னு சொல்றது பித்தலாட்டம். அவங்களுக்குத் தேவை கூட ஆள், சரியான ஓய்வு. வேலைப்பளு கொடுக்கற அழுத்தத்துக்கு கலர்பெட்டி பதில் ஆகாது. நான் சொல்றது ஒண்ணுதான். கிடைக்கற அரை மணி நேரத்துல பிடிச்சதைச் செய்யறப்போ, அதுக்குக் காரணம் காட்டணும்னு கூனிக் குறுகாதீங்க.

39/ ஆரம்பிக்கணும்னு தோணினவங்களுக்கு நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது:
• பெரிய பெட்டி வேண்டாம். பாதி நீளக் குச்சி உள்ள மாணவர் செட்டே போதும்.
• வெள்ளைத் தாளைவிட பிரவுன், சாம்பல் மாதிரி நிறமுள்ள தாள் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஈஸி.
• குச்சி உடைஞ்சா கவலைப்படாதீங்க. உடைஞ்ச துண்டைப் படுக்க வெச்சு இழுத்தா அகலமா பூசலாம்.
• விரலால ரொம்பத் தேய்க்காதீங்க. சேறாகும்.
• முடிச்ச படத்து மேல பட்டர் பேப்பர் வெச்சு மூடுங்க. இல்லைன்னா பாதிப் படம் அடுத்த தாள்ல இருக்கும்.

40/ நாலு மாசத்துல நான் தேறிட்டேனான்னா, இல்லை. எவர்சில்வர் டம்ளர் வரைஞ்சேன், அக்கா பொண்ணு பாத்துட்டு "பூனையா மாமா?"ன்னா. அந்த முதல் தேங்காய் மூடி பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கு. ஒவ்வொரு தடவை கதவைச் சாத்தறப்பவும் கொஞ்சம் பொடி சட்டை மேல உதிருது. பிரேம் போட்டு கண்ணாடிக்குள்ள வெச்சா நிக்கும். அந்த அளவுக்கு அதுக்கு மரியாதை வேண்டாம்னு விட்டுட்டேன்.

41/ ஓ.பி.ல ஒரே ஒரு விஷயம் மாத்தியிருக்கேன். நாள்பட்ட வலியோட வர்றவங்ககிட்ட, "இது வந்த பிறகு எதை நிறுத்திட்டீங்க?"ன்னு கேக்கறேன். கூட்டத்துல எல்லார்கிட்டயும் கேக்க முடியறதில்லை, பொய் சொல்ல மாட்டேன். கேட்டவங்க சொன்னதுல சிலது: சைக்கிள், பூ கட்டறது, கோயில் பிரகாரம் சுத்தறது, தாயம், பேத்தியைத் தூக்கறது. பாதிக்கு மேல நிறுத்தத் தேவையே இல்லாதது.

42/ உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. யார் நிறுத்தச் சொன்னாங்கன்னும் கேளுங்க. டாக்டர் சொன்னார்னா, அடுத்த விசிட்ல காரணம் கேளுங்க. நீங்க எதையாவது நிறுத்தியிருந்தா கீழ எழுதுங்க, டூட்டி முடிஞ்சு வந்து படிக்கறேன். "இதனால என்ன யூஸ்?"னு மட்டும் யாரும் ரிப்ளை போடாதீங்க.